எறும்பும் ஓய்வூதியமும்

முதுமையில் மனிதனைக் காப்பது அரசா, அவனது சொந்தச் சேமிப்பா என்னும் வினா தமிழ்ப் பள்ளி மேடைகளுக்கும் கட்டுரை ஏடுகளுக்கும் பழகிப்போன ஒன்று. ‘சேமிப்பின் இன்றியமையாமை’ என்று தலைப்பிட்டால், மாணவன் முதல் வரியிலேயே எறும்பை அழைத்து வந்துவிடுவான். மழைக்காலத்திற்கெனக் கோடையிலேயே தானியம் சேர்க்கும் அச்சிற்றுயிர், அடுத்த பத்தியில் தேனீக்கு இடங்கொடுக்கும். அதன் பின்னர்ச் ‘சிறு துளி பெரு வெள்ளம்’ வந்து சேரும். ஊதாரி ஒருவனின் இறுதிக்காலத் துயரத்தோடு கட்டுரை முடிவுறும். பட்டிமன்றமாயின், எதிரணியினர் செங்கோலையும் குடியோம்பலையும் எடுத்துரைத்து, முதியோரைக் காப்பது அரசின் கடமை என்பர். இரண்டும் வேண்டும் என்று நடுவர் தீர்ப்புரைப்பார். கைத்தட்டலோடு அவை கலையும்.

ஒரு கவிதையை வரிவரியாக ஆராயும் ஆசிரியர், இவ்வாதங்களை அவ்வாறு ஆராய்வதில்லை. ஆராய்ந்தால் முதலில் இடறுவது எறும்பே. உழைக்கும் எறும்பு தனக்கென ஒரு மணியும் சேர்த்து வைப்பதில்லை. அது சுமந்து வருவது புற்றின் பொதுக் களஞ்சியத்திற்குச் செல்கிறது. சுமக்காத குஞ்சும், சுமக்க இயலாத எறும்பும் அதிலிருந்தே உண்கின்றன. எந்த எறும்புக்கும் தனிக் கணக்கேடு இல்லை. தேனீயின் கூட்டிலும் இதுவே நிலை. ஆகவே, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அறத்திற்குச் சான்றாக முதலில் அழைக்கப்படும் உயிர், உண்மையில் எதிரணியின் சாட்சி! உவமை பொருந்தவில்லை என்றால் உவமித்தவனின் எழுத்துத் திறன் குறைவு என்று விட்டுவிடலாம். ஆயின், தலைமுறை தலைமுறையாக ஒரே பிழையான உவமை மதிப்பெண் பெற்று வருமாயின், உவமிக்கப்பட்ட பொருளே எவருக்கும் தெளிவாகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எறும்பிற்கு நேர்ந்ததே குறளுக்கும் நேர்ந்துள்ளது. தனிமனிதன் சிக்கனமாகப் பொருள் சேர்க்க வேண்டும் என்பதற்குப் ‘பொருள் செயல்வகை’ அதிகாரம் தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வதிகாரம் நிற்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். அது அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டதன்று. பொருட்பாலில், அரசின் உறுப்புகளைப் பேசும் அங்கவியலில், நாட்டிற்கும் அரணிற்கும் அடுத்து நிற்பது. அங்குப் பேசப்படும் பொருள், அரசனின் பொருள். வரவு சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதிருந்தால் தீங்கில்லை என்ற கருத்தும், இல்லத்தரசிக்குச் சொல்லப்பட்டதுபோல் மேடைகளில் ஒலிக்கிறது. அது ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உள்ளது. பகைமேற் செல்லும் வேந்தனுக்கு உரியது. இவற்றைக் குடும்பத்திற்கும் பொருத்திக் கொள்ளலாகாது என்பதில்லை. வள்ளுவரின் கருத்துகள் இடங்கடந்து பொருந்துவன. ஆனால், பொருளை உண்டாக்கவும் காக்கவும் தெரிந்தால் மட்டும் போதாது, அதனைப் பகுத்தளிக்கவும் தெரிய வேண்டும் என்று ‘இறைமாட்சி’ கூறுவதை ஓரணி மட்டுமே எடுத்துக்கொள்ள, சிக்கனத்தை மற்றோரணி எடுத்துக்கொள்வது, ஒரே வேந்தனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை இரண்டாகக் கிழித்துப் பங்கிட்டுக் கொள்வதாகும்.

பழந்தமிழ் இலக்கியத்தில் முதுமையைப் பாடிய பாட்டு எது என்று கேட்டால், புறநானூற்றின் 243ஆம் பாடலை ஆசிரியர்கள் நினைவு கூர்வர். ஊன்றிய தடியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்ற அப்புலவர், ஆற்று மடுவில் பாய்ந்து மூழ்கி மணலள்ளி வந்த தம் இளமையை எண்ணி இரங்குகிறார். இருமலுக்கிடையே சில சொற்களே பேச முடிகிற இக்காலத்தில் அந்த இளமை எங்கே போயிற்று என்பதே அவர் துயரம். அடுத்த வேளைச் சோறு எங்கே என்று அவர் கேட்கவில்லை. பாட்டு அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொல்ல வேண்டிய தேவை இருந்ததாகத் தெரியாமையே. ஊரும் உறவும் நிலமும் சூழ்ந்திருந்த இடத்தில் முதுமை என்பது வலிமையின் இழப்பாக மட்டுமே பாடப்பட்டது. அது வருமானத்தின் இழப்பாக மாறியது கூலி வாழ்க்கையில்தான்.

அந்த மாற்றம் மலேசியத் தமிழரின் வரலாற்றில் மிகக் கூர்மையாக நிகழ்ந்தது. கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு ஊரும் இல்லை, நிலமும் இல்லை. உறவு பெரும்பாலும் அக்கரையில். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஆள் திரட்டிக் கொண்டுவருவதற்கான செலவுக்கு எழுந்த நிதி அது. இளமையைக் கொண்டுவர நிதி இருந்தது. முதுமைக்கு இருந்தது திரும்பும் கப்பல். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் அவ்வாறே தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வேலை செய்ய முடியாதவரும் வேலை இல்லாதவரும் அந்தக் கணக்கில் ஒருவரே. அக்காலத்துத் தொழிலாளியைப் பார்த்து ‘ஏன் சேமிக்கவில்லை’ என்று எந்தக் கட்டுரையாளனும் கேட்கத் துணிய மாட்டான். ஆயினும், அவனுடைய பேரப்பிள்ளைகளின் கட்டுரை ஏட்டில் அந்தக் கேள்வியே தலைப்பாக நிற்கிறது.

1951ஆம் ஆண்டு அக்டோபரில் மலாயாவில் ஊழியர் சேமநிதி தோன்றியது. உலகின் பழமையான சேமநிதிகளுள் அது ஒன்று. தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு 5, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 5 என்று அது தொடங்கிற்று. சிங்கப்பூரில் 1955 ஜூலையில் மத்திய சேமநிதி இதே 5, 5 என்ற அளவில் செயற்படலாயிற்று. இன்று மலேசியாவில் தொழிலாளியின் பங்கு பொதுவாக 11 விழுக்காடு. முதலாளியின் பங்கு, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை 13 விழுக்காடு, அதற்குமேல் 12.

இந்த நிதி எந்த அணிக்குச் சொந்தம்? சேமிப்பு அணியினர் இது தம்முடையது என்பர்; ஏனெனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு உண்டு. அரசு அணியினரும் இது தம்முடையது என்பர். ஏனெனில் சட்டத்தின் கட்டாயம் இல்லையேல் முதலாளியின் பங்கு மட்டுமன்று, தொழிலாளியின் பங்கும் சேர்ந்திராது. இரு சாராரும் உரிமை கொண்டாடக்கூடிய ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, ‘அரசா, சேமிப்பா’ என்று வாதிடுவது, உயிரும் மெய்யும் கூடிய எழுத்தைப் பார்த்து அது உயிரா மெய்யா என்று கேட்பது போன்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தலைப்பில் நடக்கும் வாதங்களின் முதற்குறை, அவை வேறு நாட்டு வாதங்களை இரவல் பெற்றவை என்பதே. வரிப்பணத்தில் எல்லா முதியோருக்கும் மாதத்தொகை தரும் நாடுகளில் பிறந்த வினா அது. அந்த ஏற்பாடு என்றுமே இல்லாத இடத்தில் அதனைக் கேட்டால் விடையும் இரவலாகவே வரும்.

மக்களின் பேச்சு மேடைப் பேச்சினும் நுட்பமானது. ‘அரசாங்கம் பென்சன் கொடுக்கிறது’ என்பர். ஆனால் ‘என் சேமநிதிப் பணம்’ என்பர். முன்னதில் கொடுப்பவர் எழுவாய். பின்னதில் உடைமையே முதற்சொல். இந்த உடைமை உணர்வின் வலிமையைச் சிங்கப்பூர் 1984இல் கண்டது. அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையில் முதியோர் பிரச்சினைகளை ஆராய்ந்த குழு, சேமநிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. பரிந்துரை அவ்வடிவில் நிறைவேறவில்லை. எனினும், 1987இல் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2009இல் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் பெறும் திட்டம் வந்தது. அத்திட்டத்தில் உறுப்பினர்களின் பணம் ஒன்றாகத் திரட்டப்பட்டு, நெடுநாள் வாழ்பவரும் பெறும்படி செய்யப்படுகிறது. ‘என் பணம்’ என்று தொடங்கியது, மெல்ல மெல்ல எறும்புப் புற்றின் களஞ்சியத்தை நோக்கி நகர்ந்துள்ளது. ஒருவன் எத்தனை ஆண்டு வாழ்வான் என்பது அவனுக்கே தெரியாதாகையால், அந்த அறியாமைக்குத் தனியொருவன் சேமித்து முடிக்க இயலாது என்பதே இந்நகர்வின் காரணம்.

மலேசியத் தோட்டங்களில் இந்த வாதத்திற்கு வேறொரு முகம் உண்டு. தோட்டத் தொழிலாளியின் வீடு அவன் வேலையோடு கட்டுண்டது. வேலை ஓய்ந்தால், பிள்ளை எவரேனும் அத்தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி, லயத்து வீட்டை விட்டு வெளியேற வேண்டும். எனவே, நகரத்து எழுத்தருக்கு ‘முதுமைச் சேமிப்பு’ என்றால் உணவும் மருந்தும். தோட்டத்தாருக்கு முதலில் கூரை. 55 வயதில் கைக்கு வரும் ஒரே தொகை கூரையாகவும், மகளின் திருமணமாகவும், அடைபடாத கடனாகவும், எஞ்சினால் உணவாகவும் உருமாற வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்களுக்கு வேலை உரிமம் தேவைப்பட்டது. பலர் ரஜூலா போன்ற கப்பல்களில் தமிழகம் திரும்பினர். அவர்களுள் சேமநிதி இருந்தவர்களுக்கு அது முதுமைக்கான பணமாக இருக்கவில்லை. பிறந்த ஊர் என்று பிறர் சொன்ன ஓர் ஊரில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பணமாயிற்று. இவர்களைச் சிக்கனம் தெரியாதவர்கள் என்பதா?

சிக்கனத்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழாசிரியர்கள் கணக்கை வேறு பாடத்திற்கு விட்டுவிடுவது வழக்கம்; ஆயினும் இக்கட்டுரைத் தலைப்பிற்கு அது இன்றியமையாதது. 2013இல் மேற்கு மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 900 வெள்ளி என்று வகுக்கப்பட்டது. அச்சம்பளத்தில் இருவர் பங்கும் சேர்ந்து 24 விழுக்காடு. மாதத்திற்கு 216 வெள்ளி. முப்பது ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் செலுத்தினால் 77,760 வெள்ளி. இலாப ஈவு சேர்ந்து அது இருமடங்கானாலும் 155,520. சேமநிதி வாரியமோ, 55 வயதில் ஒருவரிடம் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பாக 2019இல் வகுத்துக் கொண்ட தொகை 240,000 வெள்ளி. அதுவும் இருபது ஆண்டுகளுக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் போதும் என்ற எளிய கணக்கு. ஒரு காசும் வீணாக்காமல், ஒரு நாளும் வேலையிழக்காமல் இருந்த தொழிலாளியும் அதனை எட்டவில்லை. 2013க்கு முன் தோட்டத்தில் பெற்ற கூலி 900ஐ விடக் குறைவு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆயிற்று. அதன் பயன் முழுமையாகச் சேர வேண்டுமானால், இன்று வேலையில் சேரும் இளைஞன் முதியவனாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இக்கணக்கு காட்டுவது ஒன்றே. சேமிப்பு என்பது குணத்தின் பெயர் மட்டுமன்று. கூலியின் ஒரு பகுதிக்கும் பெயர். கூலி குறைவாயின் குணம் எவ்வளவு உயர்ந்திருந்தும் சேமிப்பு உயராது. கட்டுரை ஏடுகளோ குணத்தை மட்டுமே பேசுகின்றன. ஊதாரியின் கதை வரும். கூலி குறைந்தவனின் கதை வாராது. கள்ளுக்கடையும் சூதும் சில குடும்பங்களை அழித்தமை மறுக்கத்தக்கதன்று. தோட்ட வாழ்வை எழுதிய மலேசியக் கதைகளில் அவை இடம்பெறுவதும் நியாயமே. ஆனால் குடிக்காதவன் முதுமையும் வறுமையில் கழிந்தது ஏன் என்று கேட்கும் கதைகளே இலக்கியத்திற்கு அதிகம் தேவை.

தற்சார்பு என்ற சொல்லின் வலிமை பெருந்தொற்றுக் காலத்தில் சோதனைக்குள்ளாயிற்று. 2020 ஏப்ரல் முதல் 2022 வரை, மலேசிய அரசு சேமநிதியிலிருந்து பணமெடுக்க நான்கு முறை சிறப்பு அனுமதி தந்தது. எண்பது லட்சம் உறுப்பினர்கள் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளியை எடுத்தனர். எடுத்தவர்களைச் சிலர் ‘நாளையை விற்று இன்று உண்டவர்கள்’ என்றனர். வேலையும் வருமானமும் அடைபட்டிருந்த மாதங்களில் இன்று உண்ணாதவனுக்கு நாளை ஏது? அங்கே உறுப்பினன் தவறிழைத்தான் என்பதைவிட, நோய்க்கால இடரைத் தாங்கும் பொறுப்பின் பெரும்பகுதி அவனுடைய முதுமைக் கணக்கின் மேலேயே சுமத்தப்பட்டது என்பதே பொருந்தும். தன் காலில் நிற்பது நன்று. நிற்கும் காலையே வெட்டி விறகாக்கும்படி நேர்ந்தால், அதற்குத் தற்சார்பு என்று பெயரிடுவது சொல்லுக்குச் செய்யும் தீங்கு.

இவ்வளவு கூறியதால் அரசு அணியின் வாதம் வென்றதாகக் கொள்ளலாகாது. அவ்வணி கண்ணை மூடிக்கொண்டு போற்றும் ஓய்வூதியத்தையும் சட்டத்தின் சொற்களில் படித்துப் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதியம் பெறுவதற்கு எந்த அதிகாரிக்கும் முழு உரிமை இல்லை என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. வழங்கப்பட்ட ஓய்வூதியத்திற்கு அரசமைப்பின் 147ஆம் பிரிவு பாதுகாப்பளிப்பதும் உண்மை. பணியிலிருப்போரின் சம்பள உயர்வை ஒட்டி ஓய்வூதியம் திருத்தப்பட்ட முறை 2013இல் மாற்றப்பட்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு என்றாக்கப்பட்டது. அம்மாற்றம் செல்லாது என்று 2023இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, ஓய்வு பெற்றோர் வழக்காடியே தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. மறுபுறம், ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு 3,000 கோடி வெள்ளியைக் கடந்துவிட்டது. இப்பணம் எல்லாக் குடிமக்களின் வரியிலிருந்தும் வருவது. கடைச் சிப்பந்தியும் பால்வெட்டுபவரும் வாங்கும் பொருள்களில் உள்ள வரியும் அதில் கலந்திருக்கிறது. தனக்கு இல்லாத ஓய்வூதியத்திற்கு அவர்களும் பங்களிக்கின்றனர். அரசின் கடமை என்று பொதுவாக முழங்கும் அணி, அந்தக் கடமை இதுவரை யாருக்கு நிறைவேற்றப்பட்டது என்று கேட்பதேயில்லை.

இங்கே கூச்சம் தரும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் போதித்த அரசாங்க ஆசிரியரின் முதுமை, பெரும்பாலும் சேமிப்பால் காக்கப்பட்டதன்று. நீண்ட காலம் பணியாற்றியவர்க்குக் கடைசிச் சம்பளத்தின் பாதியிலிருந்து ஐந்தில் மூன்று பங்கு வரை ஓய்வூதியம் உண்டு. எறும்பைப் பற்றி எழுதச் சொன்னவர் புற்றுக்குள் இருந்தார். எழுதியவனின் பெற்றோர் வெளியில் இருந்தனர். இதனால் ஆசிரியரின் உழைப்பைக் குறைத்துக் கூறுவதாகாது. அவர் பெற்றது உழைப்பின் பயனே. ஆனால், உழைப்பின் பயன் முதுமை வரை நீள்வது நியாயம் என்று தம் வாழ்விலேயே அறிந்தவர்கள், அதனை வகுப்பறையில் சொல்லாமல், சிக்கனத்தை மட்டும் சொல்லி வந்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

இரு அணியினரும் மறந்துவிடும் மூன்றாம் வழியொன்று மலேசியத் தமிழரின் சொந்த வரலாற்றிலேயே கிடக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர் தொழிலாளர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளால் தோட்டங்களே வாங்கப்பட்டன. இது அரசின் கொடையன்று. தனிமனிதச் சேமிப்பும் அன்று. தனித்தனியே ஒரு மரத்தையும் வாங்க இயலாத காசு, ஒன்றாகச் சேர்ந்தபோது தோட்டத்தை வாங்கிற்று. அச்சங்கம் இன்றும் தோட்டங்களை நடத்தி வருகிறது. சேமிப்பைப் பற்றிய கட்டுரையில் எறும்பிற்குத் தரும் இடத்தில் பாதியையேனும் இதற்குத் தரலாம். உவமையாகவும் பொருந்தும், வரலாறாகவும் நிற்கும். அதன் நிறைகுறைகளை மாணவர் தாமே ஆராயவும் இடமுண்டு.

இதன் நிழல் வடிவம் ‘கூட்டு’ என்று வழங்கிய சீட்டு. பெண்கள் பலர் வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்துக் கூட்டுக் கட்டினர். நம்பிக்கையே அதன் முதல். நம்பிக்கை உடைந்தபோது முதலும் போயிற்று. 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் தடுத்தும் கூட்டு முற்றிலும் மறையாததற்குக் காரணம், சேமநிதிக் கணக்கே இல்லாத குடும்பப் பெண்ணுக்கு வேறு ஏற்பாடு நெடுங்காலம் இல்லாமையே. அவளும் சேமித்தவள்தான், சேமிப்பு அணியினரின் சான்றுப் பட்டியலில் மட்டும் அவளைக் காணோம்.

2024 பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாக நியமனம் பெறுவோர்க்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்று மலேசிய அரசு அறிவித்தது. அவர்கள் சேமநிதியில் சேர்வர். தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியையும், அப்பள்ளி மாணவனின் தாயும், முதுமையைக் குறித்து இனி ஒரே வாரியத்தின் கணக்கறிக்கையை எதிர்நோக்குவர். சம்பளம் வேறாகையால் தொகை வேறாகும். கேள்வி ஒன்றாகவே இருக்கும். அடுத்த ஆண்டும் ‘சேமிப்பின் இன்றியமையாமை’ கட்டுரைத் தலைப்பாக வரும். மாணவன் முதல் வரியில் எறும்பை அழைத்து வருவான். ஏட்டைத் திருத்தும் சிவப்பு மை அந்த வரியின் அருகில் என்ன எழுதும் என்பதை அந்த இளம் ஆசிரியையே முடிவு செய்ய வேண்டும்.